பத்து நிமிடக் கிளினிக்கும் ஆறு நாள் மணிக்கூடும்

பார்க்கின்சன் நோய் உள்ளவருக்கு ஒரே நாளில் பல நாட்கள் உண்டு. லெவோடோபா குளிசை போட்டு அரை மணி, முக்கால் மணித்தியாலத்தில் கைகால் இளகும். சில மணித்தியாலங்களில் திரும்பவும் இறுகும். நோய் முற்ற முற்ற அந்த நல்ல நேரம் சுருங்கிக்கொண்டே வரும். சிலருக்கு மருந்து உச்சத்தில் நிற்கும்போது உடல் தன்பாட்டில் நெளியத் தொடங்கும். மருந்து குறைந்தாலும் துன்பம், கூடினாலும் துன்பம். எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்ற கணக்கில்தான் இந்த வைத்தியத்தின் பெரும்பகுதி தங்கியிருக்கிறது.

அந்தக் கணக்கைப் போடுகிற வைத்தியர் நோயாளியைப் பார்ப்பது சில நிமிடங்கள் மட்டுமே. யாழ் போதனா வைத்தியசாலைக்கு குடாநாட்டிலிருந்து மட்டுமல்ல, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நெடுந்தீவில் இருந்து வருபவர் விடியப்புறம் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பிறகு பேருந்தும் பிடிக்க வேண்டும். இலவச சுகாதார சேவையின் பெருமை இது. அதன் பாரமும் இதுதான். வரிசை நீளமாக இருக்கும்போது ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிய விடயம்.

எங்கள் குடும்பத்திலும் இந்த நோய் இருக்கிறது. பெரியப்பா கிளினிக் நாளில் நன்றாகவே நடப்பார். வெளிக்கிட முதல் குளிசை போட்டிருப்பார். அவரைக் கூப்பிடுகிற நேரம் அது நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். வைத்தியர் கண்டதைத்தான் கொப்பியில் எழுத முடியும். பின்னேரம் நான்கு மணிக்கு அவர் கதிரையை விட்டு எழும்ப முடியாமல் இருப்பது அந்தக் கொப்பிக்குத் தெரியாது. “எப்படி இருக்கிறியள்?” என்று கேட்டால் “பரவாயில்லை ஐயா” என்பதுதான் எங்கள் முதியவர்களின் பதில்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் உடலில் அணியும் அசைவு உணரிகள் வந்திருக்கின்றன. கைத்தொலைபேசியைச் சரித்தால் திரை திரும்புகிறதல்லவா, அதே வகைச் சிறிய கருவிதான் உள்ளே இருப்பது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் உள்ள ஃப்ளோரி ஆய்வு நிறுவனத்தின் ஆய்விலிருந்து பிறந்த ‘கைனெட்டிகிராஃப்’ இதற்கு நல்ல உதாரணம். மணிக்கூடு போல ஆறு நாட்கள் கையில் கட்டியிருக்க வேண்டும். குளிசை நேரத்தில் அதிர்ந்து நினைவூட்டும். போட்டதும் தொட்டுப் பதிய வேண்டும். அசைவு எவ்வளவு மந்தம், எவ்வளவு மிகை என்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்கும். கடைசியில் வைத்தியரின் கையில் ஒரு வரைபடம் வந்து சேரும். எந்தக் குளிசை எத்தனை மணிக்கு ஓய்ந்தது என்பதை அதில் பார்க்கலாம். இடுப்பில் கட்டுகிற, கணுக்காலிலும் அணிகிற கருவிகளும் உண்டு.

பிரித்தானியாவின் ‘நைஸ்’ அமைப்பு 2023 ஜனவரியில் இப்படியான ஐந்து கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் நிபந்தனையோடுதான்: இன்னும் சான்றுகள் திரட்டப்பட வேண்டும், செலவும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வசதி படைத்த நாடே இவ்வளவு நிதானமாகப் போகிறது என்பதை நாங்கள் கவனிக்க வேண்டும்.

அப்படியென்றால் யாழ்ப்பாணத்தில் இதைப் பேசுவது ஏன்? 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் 12.4 வீதம். வடக்கில் அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு: பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும், தாய் தகப்பன் இங்கே தனிய. இரவில் எத்தனை தடவை புரள முடியாமல் கிடந்தார் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. பார்த்துச் சொல்ல யாருமில்லாத இடத்தில்தான் உணரியின் பெறுமதி கூடுகிறது.

ஆனால் உணரி காணாதவையும் இருக்கின்றன. மலச்சிக்கல், மனச்சோர்வு, இல்லாததைக் காண்பது, விழுங்கக் கஷ்டப்படுவது எதுவும் மணிக்கட்டில் தெரியாது. புரத உணவு லெவோடோபா உடலில் சேருவதைத் தடுக்கக்கூடும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம் இருப்பவரின் மருந்து நேரம் முழுவதும் மாறிவிடும். சித்த மருத்துவம் அறிந்த பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே உண்டு. அதை யாரிடமும் சொல்லாமல் சேர்த்து எடுப்பவரின் வரைபடம் வைத்தியரைக் குழப்பும். ஆகவே படத்தோடு கதையும் கேட்கப்பட வேண்டும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்புகிற சாதாரண ஸ்மார்ட் மணிக்கூடு இன்னொரு சிக்கல். அது காட்டும் இலக்கத்தைப் பார்த்து, தொலைபேசியில் “அம்மா, ஒரு குளிசையைக் குறையுங்கோ” என்று சொல்வது ஆபத்து. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

தரவு யாரிடம் போகிறது என்பதும் எங்களுக்குச் சிறிய கேள்வி அல்ல. யார் எங்கே போனார், எப்போது வந்தார் என்று கண்காணிக்கப்பட்டு வாழ்ந்த சமூகம் இது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட பாதுகாப்புக்குரியதாகக் கொள்கிறது. எந்தத் திட்டம் வந்தாலும், தரவு எங்கே சேமிக்கப்படும், யார் பார்க்கலாம் என்பது நோயாளிக்குத் தமிழில் விளக்கப்பட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே மருந்து இருக்கிறதா என்ற கேள்வி நிற்கிறது. 2022 நெருக்கடியில் அத்தியாவசிய மருந்துகளுக்கே நாடு தட்டுப்பட்டது. வைத்தியர்கள் பலர் வெளியேறினார்கள். ஐந்து வேளை குளிசை வேண்டும் என்று வரைபடம் காட்டி, மூன்று வேளைக்குத்தான் கையிருப்பு உண்டென்றால் அந்த வரைபடத்தால் பயன் இல்லை.

ஆகவே என் கருத்து இது. ஆளுக்கொரு கருவி வேண்டியதில்லை. ஆறு நாள் கட்டிவிட்டுத் திருப்பித் தருகிற கருவி என்பதால், ஒரு சிலவற்றை வைத்தே மாறி மாறிப் பலருக்கு இரவல் கொடுக்கலாம். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் கட்டி அனுப்பினால் நோயாளி ஒரு பயணத்தை மிச்சம் பிடிக்கலாம். வரைபடத்தை முதலில் வாசிக்க ஒரு தாதிக்குப் பயிற்சி தேவை. யாழ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் கிளிநொச்சியில் உள்ள பொறியியல் பீடமும் சேர்ந்து, எங்கள் ஆட்களின் அசைவில் இக்கருவிகள் எவ்வளவு சரி என்று பார்க்கலாம். குந்தியிருந்து தேங்காய் துருவும் கையை நடுக்கமென்று கருவி எண்ணுமா என்பதை மெல்பேர்ணில் இருந்து யாரும் சோதிக்கப் போவதில்லை. ஊர்ச் சங்கங்கள் மூலம் உதவும் புலம்பெயர் உறவுகள் தனித்தனி மணிக்கூடு வாங்குவதை விட இதற்குக் கைகொடுக்கலாம்.

அதுவரைக்கும் ஒரு கொப்பியும் பேனையும் போதும். மணித்தியாலத்துக்கு ஒரு கோடு: குளிசை போட்ட நேரம், நடக்க முடிந்த நேரம், முடியாத நேரம். அத்தோடு பின்னேரக் கஷ்டத்தைக் கைத்தொலைபேசியில் அரை நிமிட வீடியோவாக எடுத்து வைத்தியருக்குக் காட்டுங்கள். உணரி வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த கிளினிக்கில் “பரவாயில்லை ஐயா” என்பதற்குப் பதிலாகச் சொல்ல ஒரு விடை இருக்க வேண்டும்.