மரங்கள் திரும்பின, மனிதர்கள்?

ஜே.ஆர். ஜயவர்தனவின் சான் பிரான்சிஸ்கோ பேச்சைக் கேள்விப்படாமல் இந்த நாட்டில் யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். 1951 செப்டம்பரில் நடந்த சமாதான மாநாட்டில் புத்தரின் போதனையை எடுத்துச் சொல்லி, ஜப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்றார் அவர். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் எங்கட கிழக்கின் திருகோணமலையிலும் குண்டு போட்ட நாட்டை மன்னித்தோம் என்று இன்றைக்கும் பெருமைப்படுகிறோம்.

சரி. ஆனா அவர் பேசிய அதே நகரத்தில், அதே நாளில், ஒரு தோட்டம் தன்ட பெயரை இழந்து நின்றது. அதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரல்ல.

கோல்டன் கேட் பூங்காவில் இருக்கும் ஜப்பானியத் தேயிலைத் தோட்டத்தைத்தான் சொல்கிறோம். பெயரைப் பார்த்து நம்ம மலையகத் தோட்டம் மாதிரி நினைக்க வேண்டாம். இது தேநீர் குடித்து இளைப்பாறும் பூந்தோட்டம். 1894இல் ஒரு கண்காட்சிக்காகத் தொடங்கியது. அதை நிரந்தரத் தோட்டமாக வளர்த்தவர் மகோட்டோ ஹகிவாரா என்ற ஜப்பானியக் குடியேறி. சொந்தக் காசைப் போட்டு, ஜப்பானிலிருந்து செடிகளை வரவழைத்தார். குடும்பமே தோட்டத்துக்குள் குடியிருந்தது. அவர் 1925இல் இறந்த பிறகும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள்.

1942இல் ஜனாதிபதி ரூஸ்வெல்டின் கட்டளை வந்தது. ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 120,000 பேர் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் அமெரிக்கப் பிரஜைகள். ஹகிவாரா குடும்பமும் போனது. அவர்களின் வீடு இடிக்கப்பட்டது. தோட்டத்துக்கு 'கீழைத்தேயத் தேயிலைத் தோட்டம்' என்று பெயர் வைத்தார்கள்.

1952இல் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. குடும்பம் விட்டுச்சென்ற குள்ள மரங்கள்கூட கைமாறி, 1960களில் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தன. குடும்பத்துக்கு மட்டும் அங்கே திரும்ப இடம் கிடைக்கவில்லை. 1974இல் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அதைச் செய்த சிற்பி ரூத் அசாவாவும் சிறுமியாக முகாமில் அடைக்கப்பட்டவர்தான்.

"பூங்காவுக்குப் போனா பூவைப் பாருங்களேன், எல்லாத்துக்குள்ளயும் அரசியலா?" என்று சிலர் கேட்பார்கள். அரசியலை அதுக்குள்ள கொண்டுவந்தது நாங்க இல்லை. தண்ணி ஊத்தினவனை வெளியேற்றிவிட்டு மரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்களே, அதுதான் அரசியல்.

எங்களுக்கு இந்தக் கதை புதிசும் இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். சுமார் 70,000 பேர் போனார்கள். அவர்கள் நட்ட மரங்கள் அங்கேயே நின்றன. புத்தளத்து முகாம்களில் பிறந்த பிள்ளைகள் எங்கட வயதையும் தாண்டிவிட்டார்கள். இன்னும் திரும்ப முடியாதவர்கள் எத்தனை பேர்!

அரசுக்கு அரசு மன்னிப்பது லேசு. நட்டஈடு வேண்டாம் என்று உலகத்துக்குச் சொன்னவரின் ஆட்சியில்தான் 1983 ஜூலையும் நடந்தது. அமெரிக்காவும் 1988இல்தான் முகாமிலிருந்து தப்பிப் பிழைத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு 20,000 டொலர் கொடுக்கச் சட்டம் போட்டது. பிந்தித்தான், ஆனாலும் கொடுத்தது. நாம இன்னும் கூட்டம் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பெயர்ப் பலகையைத் திருப்பி மாட்டுவது நல்லிணக்கம் ஆகாது. காணியையும் வீட்டையும் கொடுங்கள். அதுக்குப் பிறகு பூங்கா கட்டுவம்.