வயதான நாய்க்கு நடை வேண்டும், உச்சி வேண்டாம்

மாணவர்களே, பட்டர்வொர்த் வட்டாரத்தில் விடுமுறையில் மலையேறுவது என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது புக்கிட் மெர்தாஜாம் மலையும் அதன் அடிவாரத்திலுள்ள செரோக் தோக்குனும்தான். உங்கள் வீட்டு நாய்க்குப் பத்து வயதாகிவிட்டது என்று வையுங்கள். இத்தகைய பாதைகளுக்கு அதையும் அழைத்துப் போகலாமா? "கிழடு, வீட்டிலேயே கிடக்கட்டும்" என்பார் ஒருவர். "எப்போதும்போல் உச்சி வரை வரட்டும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

முதலில் வயதைக் கணக்கிடுவோம். நாயின் ஓராண்டு நமக்கு ஏழாண்டு என்பது பழைய கணக்கு. 2020-இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104 லாப்ரடார் நாய்களின் டிஎன்ஏவில் வயதோடு சேரும் வேதி மாற்றங்களை மனிதருடையவற்றோடு ஒப்பிட்டு ஒரு சூத்திரம் தந்தார்கள். நாயின் வயதுக்கு இயற்கை மடக்கை கண்டு, அதை 16-ஆல் பெருக்கி, 31-ஐக் கூட்ட வேண்டும். கணிப்பானில் போட்டுப் பாருங்கள். ஒரு வயது நாய்க்கு 31, பத்து வயது நாய்க்கு ஏறக்குறைய 68 வரும். எல்லா இனங்களுக்கும் இது அப்படியே பொருந்தாது என்றாலும் நிலைமை புரிகிறதல்லவா?

68 வயதுத் தாத்தாவை நடக்கவே கூடாது என்று உட்கார வைப்போமா? நடை நின்றால் தசை மெலியும், மூட்டு இறுகும், எடை கூடும். கூடிய எடை மூட்டை மேலும் வருத்தும். ஆகவே நடை தேவை.

ஆனால் நம் ஊரின் புழுக்கத்தை மறக்கக் கூடாது. நாய்க்குப் பாதங்களில்தான் சிறிது வியர்க்கும். மூச்சிரைத்து, நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே அது உடலைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் ஆவியாதல் குறையும், உடல் சூடு ஏறும். 41 பாகை செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இறக்கமும் எளிதல்ல. சமதளத்திலேயே நாயின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்கள்தாம் சுமக்கின்றன. இறங்கும்போது அந்தச் சுமை இன்னும் கூடும்.

இவ்வளவு சிரமத்திலும் பல நாய்கள் நின்றுவிடுவதில்லை. நீங்கள் நடக்கும் வரை பின்னாலேயே வரும். எனவே எங்கே திரும்புவது என்று முடிவு செய்யும் பொறுப்பு உங்களுடையது.

கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள். போகும் இடத்தில் நாய்க்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுமுன் வீடு திரும்புங்கள். மேடு பள்ளம் குறைந்த பாதையே போதும். கயிற்றை அவிழ்க்காதீர்கள். அடிக்கடி நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். மறுநாள் காலை நாய் எழுந்திருக்கத் திணறினால், முந்தைய நாள் தூரம் அதிகம் என்று பொருள். அடுத்த முறை பாதி தூரத்திலேயே திரும்புங்கள். உச்சியை நண்பர்களோடு வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.