எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

2025 செப்டம்பர் 5 அன்று அமெரிக்க ஜனாதிபதி டொனால்டு டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அந்நாட்டின் பாதுகாப்புத் துறையைப் ‘போர்த் துறை’ என்றும் வழங்கலாம் என்பதே அந்த ஆணை. இது புதிய பெயர் அன்று. 1789 முதல் 1947 வரை அமெரிக்கத் தரைப்படையை நிர்வகித்த துறையின் பெயரே அதுதான். ‘பாதுகாப்பு’ என்னும் சொல் 1949இல்தான் பெயர்ப்பலகையில் ஏறியது. அந்தப் பலகையின் கீழிருந்துதான் கொரியாவிலும் வியட்நாமிலும் இராக்கிலும் போர்கள் நடத்தப்பட்டன. இந்நாடுகளுள் எதுவும் அமெரிக்க மண்ணின்மீது படையெடுத்ததில்லை. டிரம்ப் ஒரு பெயர்ப்பிழையைத் திருத்தியிருக்கிறார், அவ்வளவே.

ஆனால், ‘முடிவில்லாத போர்களுக்கு’ எதிரானவர் என்று சொல்லி வாக்குக் கேட்டவரும் இவரே. இந்த முரண்பாட்டை ஒரு தனிமனிதரின் கோணல்புத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கப் பழமைவாதத்தின் உள்ளேயே இதற்கான வேர் இருக்கிறது.

மூன்று முகாம்கள்

வெளியுறவு, ராணுவம் ஆகியவற்றைப் பொறுத்தவரை அமெரிக்கப் பழமைவாதிகளிடையே இன்று மூன்று முகாம்களைக் காணலாம். முதலாவது, நவபழமைவாதிகளின் முகாம். சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் அமெரிக்காவே உலகின் ஒற்றை ஆதிக்க சக்தியாக நீடிக்க வேண்டும் என்பது இவர்களின் கோட்பாடு. 1997இல் உருவான ‘புதிய அமெரிக்க நூற்றாண்டுத் திட்டம்’ என்ற அமைப்பு, சதாம் உசேனின் ஆட்சியை அகற்றுமாறு 1998இல் கிளிண்டனுக்குக் கடிதம் எழுதியது. அதில் கையெழுத்திட்ட ரம்ஸ்ஃபெல்டும் வோல்ஃபோவிட்ஸும் புஷ் ஆட்சியில் பாதுகாப்புத் துறையின் தலைமைக்கு வந்தனர். 2003இல் இராக்கின்மீது குண்டுகள் விழுந்தன. காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதங்களோ கடைசிவரை கிடைக்கவேயில்லை.

இரண்டாவது, ஒதுங்கியிருக்க வேண்டும் என்போரின் முகாம். 1949இல் நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்த செனட்டர் ராபர்ட் டாஃப்ட் இவர்களின் முன்னோடி. அவரும் சமாதானவாதி அல்லர். வலிமையான விமானப்படை வேண்டும் என்றவர் அவர். 1950இல் தைவானைக் காக்க அமெரிக்கக் கடற்படையை அனுப்ப வேண்டும் என்று வாதிட்டவரும் அவரே. ஐரோப்பாவில் செலவு வேண்டாம், ஆசியாவில் கப்பல் வேண்டும் என்பதுதான் அந்த ‘ஒதுங்கல்’.

மூன்றாவது, சீனாவே முதல் எதிரி என்போரின் முகாம். மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் சிதறும் படைபலத்தை ஆசியாவில் குவிக்க வேண்டும் என்பது இவர்களின் வாதம். 2018ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்பு வியூகத்தை வகுப்பதில் முன்னின்ற எல்பிரிட்ஜ் கோல்பி, 2025இல் அத்துறையின் கொள்கைப் பொறுப்பில் அமர்த்தப்பட்டார்.

ஒன்றுபடும் இடம்

மூன்று முகாம்களும் ஒன்றையொன்று கடுமையாகச் சாடுகின்றன. ஆனால், சச்சரவு எங்கே தாக்குவது, யார் செலவில் தாக்குவது என்பதைப் பற்றியதே. ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2024இல் அமெரிக்காவின் ராணுவச் செலவு 99,700 கோடி டாலர். உலக ராணுவச் செலவில் இது 37 சதவீதம். இதுவும் போதாதென்று 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டம் ராணுவத்துக்கு மேலும் சுமார் 15,000 கோடி டாலரை ஒதுக்கியது. அதே சட்டம் ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தை வெட்டியது. 2034க்குள் சுமார் ஒரு கோடிப் பேர் கூடுதலாக மருத்துவக் காப்பீடு இழப்பர் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே மதிப்பிட்டது. விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் நீங்கலாக, குடியரசுக் கட்சியின் எல்லா முகாம்களும் அதற்குக் கைதூக்கின.

நேட்டோ நாடுகள் 2035க்குள் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2025 ஜூனில் ஹேக் நகரில் முடிவாயிற்று. ஐரோப்பியர் தம் சுமையைத் தாமே சுமக்கட்டும் என்ற ‘அமெரிக்கா முதலில்’ முழக்கத்தின் பலன் இது. உலக ஆயுத ஏற்றுமதியில் 40 சதவீதத்துக்கு மேல் அமெரிக்காவின் கையில் இருக்கையில், அந்தப் பணத்தில் பெரும்பங்கு எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே மாதம் 22ஆம் தேதி ஈரானின் ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் அணுசக்தி நிலையங்கள்மீது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. டிரம்பின் ஆதரவாளர்களிடையே எதிர்ப்பு எழுந்தது. குடியரசுக் கட்சியின் தாமஸ் மாசி, ஜனநாயகக் கட்சியின் ரோ கன்னாவுடன் சேர்ந்து போர் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். இத்தகைய குரலை ஏளனம் செய்வது தவறு. இராக்கில் மாண்ட ஏறத்தாழ 4,500 அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோர் சாதாரணக் குடும்பங்களின் பிள்ளைகள். அந்தக் குடும்பங்களின் போர்ச்சலிப்பு உண்மையானது. ஜனநாயகக் கட்சித் தலைமையும் போர்களுக்கு வாக்களித்ததால் ஏற்பட்ட வெற்றிடத்தில்தான் வலதுசாரிகள் அதை அறுவடை செய்தார்கள். அறுவடை செய்ததைப் புலம்பெயர்ந்தோர் மீதான வெறுப்பாக மாற்றினார்கள். போர் எதிர்ப்பை வலதுசாரிகளிடம் விட்டுவைத்தால் நேர்வது இதுவே.

இந்தியாவுக்கான பாடம்

1971இல் வங்கக் கடலுக்கு ஏழாவது கடற்படையை அனுப்பிய நிக்சனும் பழமைவாதிதான். ஹூஸ்டனிலும் அகமதாபாத்திலும் டிரம்புக்கு விழா எடுத்தவர்கள் அதை மறந்தார்கள். 2016, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவுடன் மூன்று அடிப்படை ராணுவ ஒப்பந்தங்களில் மோடி அரசு கையெழுத்திட்டது. கைம்மாறாகக் கிடைத்தது என்ன? ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான வரி 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அடி விழுந்தது திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளியின்மீது, சூரத் வைரப் பட்டறைத் தொழிலாளியின்மீது, ஆந்திர இறால் பண்ணைகளின்மீது. அந்த வரி நீடிக்கும்போதே, அக்டோபர் 31 அன்று கோலாலம்பூரில் பத்தாண்டு பாதுகாப்பு உடன்பாட்டிலும் இந்தியா கையெழுத்திட்டது. சீனாவுக்கு எதிரான வியூகத்தில் இந்தியா படைத்துணையாக வேண்டும், சந்தையில் பணிந்துபோக வேண்டும் என்பதே மூன்றாவது முகாமின் எதிர்பார்ப்பு.

2008இல் அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டபோது, காலத்துக்கு ஒவ்வாதவர்கள் என்று ஏசப்பட்டார்கள். அன்று எழுப்பிய கேள்வி இன்றும் நிற்கிறது: சுயேச்சையான வெளியுறவுக் கொள்கையை விற்று வாங்கும் நட்பு எத்தனை நாள் தாங்கும்? வாஷிங்டனில் எந்த முகாம் வெல்லும் என்று கணித்துக் காத்திருப்பது இதற்கு விடை ஆகாது. ராணுவ ஒப்பந்தங்களை வெளிப்படையாக விவாதிக்கவும், நாடாளுமன்றத்தின் முன் வைக்கவும் வலியுறுத்தும் இயக்கம் தொழிற்சங்கங்களிலும் கிராமங்களிலும் எழ வேண்டும். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று தேர்ந்துகொண்டிருப்பவர் வீட்டுக் கூரைதான் முதலில் பற்றும்.