பிரிகண்ட் என்றால் யாருங்க?

போன வாரம் பழைய இங்கிலீஷ் பேப்பர் செய்தி ஒன்றை நெட்டில் படித்த மகள், "அப்பா, பிரிகண்ட்னா என்ன? நம்ம ஊர் பேரோட வருதே" என்று கேட்டாள். தூக்கிவாரிப் போட்டது. எங்க ஊர் கோபிநத்தம். அன்றைய மைசூர் மாவட்டம், 1997 முதல் சாம்ராஜ்நகர். வீரப்பன் பிறந்த ஊர் என்றால்தான் பலருக்கும் தெரியும்.

பிரிகண்ட் என்றால் காட்டிலும் மலையிலும் வழிமறித்துக் கொள்ளையடிக்கும் கூட்டத்தில் ஒருவன். இத்தாலி மொழியிலிருந்து வந்த வார்த்தை. ராணுவத்து பிரிகேடும் இதற்குப் பங்காளிதான்!

ஆனால் வீரப்பனுக்கு இது சரியான வார்த்தையா? யானையைக் கொன்றதற்கு 'போச்சர்', சந்தனக்கட்டைக்கு 'ஸ்மக்ளர்', 2000-ல் நடிகர் ராஜ்குமாரைத் தூக்கிப் போனதற்கு 'கிட்னாப்பர்'. கடைசி இரண்டுக்கும் தமிழில் 'கடத்தல்' ஒன்றே போதும். இங்கிலீஷில் மாற்றிப் போட்டால் அர்த்தமே மாறிவிடும். பிரிகண்ட் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் செய்த குற்றம் மறைந்து, ஒரு சினிமா வில்லன்தான் மிச்சம்.

அதைவிட மோசம், அந்த வார்த்தையை ஊருக்கே ஒட்டுவது. எங்க ஊர் மாரியம்மன் கோயில் உருவாகக் காரணமானவர் வனத்துறை அதிகாரி சீனிவாஸ். 1991-ல் அவரைக் கொன்றதும் அதே வீரப்பன்தான். சீனிவாஸை வைத்து எங்க ஊரை யாரும் அடையாளம் சொல்வதில்லையே!

மகளிடம் சொன்னேன்: "அது ஆளுக்கு வச்ச பேரு கண்ணு, ஊருக்கு இல்ல." உங்க பிள்ளைகளுக்கும் சொல்லுங்க.