இருமலில்லாக் காசம்



ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து ஒரு தாயார் எழுதிய மடல் என் முன் இருக்கிறது. கணவர் துறைமுகத்தில் வேலை. இரண்டே அறை கொண்ட வீடு. அவர்கள் தெருவில் காசநோய் முகாம் நடந்திருக்கிறது. கையில் தூக்கிச் செல்லும் சிறிய எக்ஸ்ரே கருவியால் வீட்டார் அனைவருக்கும் நெஞ்சுப் படம் எடுத்திருக்கிறார்கள். மூத்த மகளின் படத்தில், வலது நுரையீரலின் மேற்பகுதியைக் கணினி வண்ணமிட்டுக் காட்டியதாம். ‘சளியைச் சோதிக்க வேண்டும்’ என்றார்களாம். “மகளுக்கு இருமலே கிடையாது. ஷவ்வால் மாதம் நிக்காஹ் பேசி முடித்திருக்கிறோம். டாக்டர் பாராமல் இயந்திரம் சொன்னதை நம்பி, சளி கொடுத்து, ஊரறிய வேண்டுமா?” என்று கேட்கிறார்.

கொடுக்கத்தான் வேண்டும், தாயே! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இருமல் இல்லை என்பதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட நோயாளிகளுள், 100-க்கு ஏறத்தாழ 43 பேர், நெஞ்சுப் படம் எடுத்திராவிட்டால் தப்பிப் போயிருப்பார்கள். அறிகுறி இருந்தவர்களிலும் சுமார் 64 விழுக்காட்டினர் மருத்துவரை நாடவில்லை. அடுப்புப் புகையால் வந்த இருமல், நோன்பினால் வந்த மெலிவு என்று நம் பெண்கள் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்வது நான் அறியாததன்று.

படம் எடுப்பது எளிது, படிப்பதுதான் கடினம். நுரையீரலின் நிழலைப் பிழையறப் படிக்கும் வல்லுநர் தெருமுனை முகாம்களுக்கெல்லாம் கிடைக்கமாட்டார். அந்தக் குறையைத்தான் செயற்கை நுண்ணறிவு நிரப்புகிறது. நோயுற்ற நெஞ்சும் நலமான நெஞ்சுமாக ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள் அது. புதிய படத்தைக் கண்டதும் ஐயத்திற்கு ஒரு மதிப்பெண் இடும். குறித்த எல்லையை அது தாண்டினால் சளிச் சோதனைக்கு அனுப்புவார்கள். மும்பையின் க்யூர் ஏஐ நிறுவனம் அத்தகைய மென்பொருள் ஒன்றைப் படைத்திருக்கிறது. டாக்காவில் ஏறத்தாழ 24,000 பேரின் படங்களைக் கொண்டு, இவ்வகை மென்பொருள்கள் ஐந்தை அந்நாட்டு எக்ஸ்ரே வல்லுநர் மூவரோடு ஒப்பிட்டார்கள். 2021-ல் வெளியான முடிவில் ஐந்துமே வல்லுநரை விஞ்சியிருந்தன. அவ்வாண்டே உலக சுகாதார நிறுவனம், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோர்க்கு, முதற்கட்டச் சோதனையில் மனிதர் படிப்பதற்கு மாற்றாக இம்முறையைக் கையாளலாம் என்று பரிந்துரைத்தது.

ஆயினும் மகளுக்குக் காசம் என்று அக்கணினி சொல்லவில்லை. தாங்களே எழுதியதை மறுமுறை படியுங்கள். ஆறிப்போன பழைய வடுவையும் அது ஐயுறக்கூடும். முதியோரிடமும் முன்பே காசம் கண்டவரிடமும் அதன் கணிப்பு தடுமாறுவதை அதே டாக்கா ஆய்வு காட்டியது. ஆகவேதான் சளி கேட்கிறார்கள். கிருமி இல்லையென்று வந்தாலும், படத்தையும் மகளையும் மருத்துவர் நேரில் பார்க்கட்டும். சளியில் அகப்படாத காசமும் உண்டு.

கிருமி இருந்தால்? சாதாரணக் காசத்திற்கு 6 மாத மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்கென்று 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது.

ஊரார் பேச்சுக்கு அஞ்சுகிறீர்கள். 1956-ல் நம் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினரை நெருக்கடியான அவரவர் வீடுகளிலும் வைத்து மருந்து கொடுத்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தார்கள். உடன் வாழ்ந்தோர்க்கு நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. அதன் பிறகும் மகளின் தட்டையும் குவளையையும் ஒதுக்கி வைப்பது ஏன்? இந்நோய் காற்றில் பரவுவது, பாத்திரத்தில் அன்று. சன்னலைத் திறந்து வையுங்கள், போதும்.

நிக்காஹைப் பற்றி: நோய் உறுதியானால் மணமகன் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். நாளைத் தள்ளுவதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்து விழுங்குவாள், ஒருநாள் விட்டுவிடுவாள். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்க மறுத்துவிடும்.

நாளைக் காலை மகள் தண்ணீரால் வாய் கொப்பளித்து, ஆழ மூச்சிழுத்து இருமி, நெஞ்சிலிருந்து வரும் சளியைக் கொடுக்கட்டும், எச்சில் பயன்படாது. முகாமில் தந்த சீட்டையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், தாயே.