ஏலம் கேட்க வெளியூர் ஆள் வேண்டும்

சம்பா அறுவடை முடிந்த தை, மாசியிலும் நவரை அறுக்கும் சித்திரையிலும் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை. சேத்துப்பட்டு, ஆரணி, போளூர், வந்தவாசி, செய்யாறு என எங்கு பார்த்தாலும் நெல் மூட்டை. இந்த நெல்லுக்கு நாடு முழுவதிலுமிருந்து விலை கேட்க வைப்போம் என்ற வாக்குறுதியோடு 2016 ஏப்ரல் 14 அன்று 8 மாநிலங்களில் 21 மண்டிகளில் தேசிய வேளாண் சந்தை, அதாவது இ-நாம், தொடங்கப்பட்டது. இன்று 1,300க்கும் மேற்பட்ட மண்டிகள் அதில் இருக்கின்றன. 2023-க்குள் தமிழ்நாட்டில் மட்டும் 157 விற்பனைக்கூடங்கள் இணைந்துவிட்டன. எண்ணிக்கையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் விலை கேட்பவர்கள்தான் மாறவில்லை. நாடு முழுவதும் இ-நாமில் நடக்கும் விற்பனையில் மிகப் பெரும்பகுதி அந்தந்த மண்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மாநிலம் தாண்டிப் போவது சொற்பம். முன்பு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்ட அதே உள்ளூர் வியாபாரி இப்போது செல்போனில் தட்டுகிறார். வெளியூர் ஆளைக் கொண்டுவராத இணைய ஏலத்தால் விவசாயிக்குப் பெரிய லாபம் எதுவும் கிடைக்காது. அரசு இனிச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் அந்த வெளியூர் ஆளை வரவழைப்பதற்கே போக வேண்டும்.

இணைய ஏலமே வீண் என்று சொல்வோர் உண்டு. அந்தக் கட்சியில் நாம் இல்லை. கர்நாடகம் 2014-லேயே தன் மண்டிகளை ஒரே இணையத் தளத்தில் இணைக்கத் தொடங்கியது. அதன் பலனை அளந்த ஆய்வு 2020-இல் வெளியானது. நெல் விலை 5.1 சதவீதமும், நிலக்கடலை விலை 3.6 சதவீதமும், மக்காச்சோளம் 3.5 சதவீதமும் உயர்ந்திருந்தன. நெல்லும் மணிலா என்னும் நிலக்கடலையும்தான் நம் மாவட்டத்தின் உயிர்ப் பயிர்கள் என்பதால் இந்தக் கணக்கு நமக்கு நேரடியாகப் பொருந்தும். சாதாரண ரக நெல்லுக்கு 2025-26 பருவத்தில் தமிழ்நாடு அரசு அறிவித்த கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 75 கிலோ மூட்டைக்கு அது 1,875. இதில் 5.1 சதவீதம் என்பது மூட்டைக்கு ஏறக்குறைய 95 ரூபாய். ஏக்கருக்கு 30 மூட்டை கண்டால் 2,850 ரூபாய். ஒரு ஏக்கர் அறுக்கும் பெல்ட் வண்டியின் வாடகைக்கு நெருங்கி வரும் தொகை இது. சிறு விவசாயிக்கு இது அற்பமல்ல.

அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. எல்லாப் பயிருக்கும் இந்தப் பலன் கிட்டவில்லை. சரக்கின் தரத்தை எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது, ஒரு மண்டியில் எத்தனை வியாபாரிகள் போட்டியிடுகிறார்கள், ஏலம் எப்படி நடத்தப்படுகிறது, சரக்கை எப்படி ஏற்றிச் செல்வது என்பவையெல்லாம் பலனைத் தீர்மானித்தன.

இவற்றில் தரம்தான் முதல் முட்டுக்கட்டை. விற்பனைக்கூடத்தில் வியாபாரி செய்வதைப் பாருங்கள். குத்தூசியைச் சாக்கில் சொருகி ஒரு கைப்பிடி நெல்லை எடுக்கிறார். உள்ளங்கையில் தேய்த்து உமி நீக்கி ஊதுகிறார். கருக்காய் எவ்வளவு, பதர் எவ்வளவு, அரிசி உடைகிறதா என்று பார்க்கிறார். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்து ஈரத்தை அறிகிறார். ஒரு நிமிடத்தில் விலை அவர் மனதில் விழுந்துவிடுகிறது. காங்கேயத்திலோ பெங்களூரிலோ இருக்கும் ஆலைக்காரருக்கு அந்தக் கைப்பிடி நெல் கிடையாது. அவருக்குக் கிடைப்பது திரையில் வரும் தரச்சான்று மட்டுமே. அதில் ஈரப்பதம், கல் மண், உடைந்த மணி, கலப்பு ரகம் எல்லாம் சரியாக இருந்தால்தான் அவர் துணிந்து விலை போடுவார். நெல் குவியும் நாளில் பரிசோதிக்க ஆள் போதாமல் ஈரப்பதத்தை மட்டும் குறித்துச் சீட்டு எழுதினால், அதை நம்பி ஒரு லாரி நெல்லுக்கு யார் பணம் கட்டுவார்கள்? சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு தரம் வேறாக இருந்தால் யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு, கூடத்தை நடத்தும் விற்பனைக்குழு எழுத்தில் பதில் தராதவரை அந்த ஆலைக்காரர் வர மாட்டார். வராதது அவர் குற்றமுமல்ல.

அடுத்தது அளவு. பத்து டன் ஏற்றும் லாரிக்கு 75 கிலோ மூட்டை 130-க்கு மேல் வேண்டும். நம் விவசாயி கொண்டு வருவதோ இருபது, முப்பது. ரகமும் ஒன்றல்ல: ஒருவர் மகேந்திரா 606, பக்கத்தில் இருப்பவர் கோ 51, அடுத்தவர் ஆர்.என்.ஆர். தனித்தனிக் குவியலாகக் கிடக்கும்வரை இந்த நெல் உள்ளூர் வியாபாரத்துக்குத்தான் உதவும். ஒரே ரகத்தை, ஒரே ஈரப்பதத்தில், லாரி கணக்கில் திரட்டி ஏலத்தில் வைக்க உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களால் முடியும். பத்தாயிரம் நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2020-இல் தொடங்கியபோது சொன்ன நோக்கமும் இப்படித் திரட்டி விற்பதுதான். உரமும் விதையும் விற்பதோடு அவை நின்றுவிடக் கூடாது.

இ-நாமில் விலை பிடிக்காவிட்டால் மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. காகிதத்தில் அது நல்ல உரிமை. மறுத்தால் மூட்டையை என்ன செய்வது? திரும்ப ஏற்றுக் கூலி, வண்டி வாடகை, இறக்குக் கூலி. மழை இருட்டிக்கொண்டு வந்தால் அந்த யோசனையும் போய்விடும். கிடைத்த விலைக்குத் தலையாட்டுவார். கிடங்கில் இடமும், இருப்பு வைத்த நெல்லின் பேரில் கடனும் அன்றே கிடைத்தால்தான் மறுக்கும் உரிமைக்குப் பொருள் உண்டு. சரக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் தரும் வசதி விற்பனைக்கூடங்களில் ஏற்கெனவே இருக்கிறது. நெல் குவியும் வாரங்களில் கிடங்கு யாருக்கு முதலில் கிடைக்கிறது என்பதைத்தான் மாவட்ட நிர்வாகம் கவனிக்க வேண்டும். வியாபாரியின் இருப்பு உள்ளேயும் விவசாயியின் மூட்டை வெளியே தார்ப்பாயின் கீழும் கிடக்கும் நிலை எங்கு இருந்தாலும் அது உடனே மாற வேண்டும்.

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கும்போது இ-நாம் எதற்கு என்று கேட்கலாம். கொள்முதல் நிலையம் விலைக்கு ஒரு தரையைப் போடுகிறது. அது இல்லாவிட்டால் வெளிச்சந்தை விலை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கு விற்க இணையத்தில் முன்பதிவு வேண்டும், நில ஆவணம் வேண்டும், கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். விவசாயி பெயரில் வியாபாரி நெல் போடுவதைத் தடுக்க இவை தேவைதான். ஆனால் வாய்மொழிக் குத்தகைக்கு நிலம் உழுபவர் பெயரில் பட்டாவும் இல்லை, அடங்கலும் இல்லை. நில உரிமையாளர் மனது வைத்தால்தான் அவர் நெல் உள்ளே போகும். அப்படிப்பட்டவருக்கு விற்பனைக்கூடம்தான் போக்கிடம். அங்கு போட்டி இல்லையென்றால் அவர் நெல் அரசு விலைக்குக் கீழேதான் போகும்.

நேரடியாக விற்றால் போதுமே என்றும் கேட்கலாம். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி போன்ற பாரம்பரிய ரகங்களை வாட்ஸ்அப்பிலும் இணையக் கடைகளிலும் அரிசியாக்கி நேரடியாக விற்பவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் கிலோ கணக்கில் பொட்டலம் கட்டி விற்பதை ஐம்பது மூட்டை நெல்லோடு நிற்கும் விவசாயிக்கு வழியாகக் காட்டுவது நியாயமில்லை.

கடைசியாகப் பணம். விற்ற நெல்லுக்குப் பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்பது இ-நாமின் நோக்கங்களில் ஒன்று. வியாபாரி பணம் கட்டத் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் விவசாயி வெளியே வட்டி கட்டுகிறார். அறுவடைக்கு வாங்கிய கைமாற்று, உரக்கடை பாக்கி, நகைக்கடன் எல்லாம் அந்தப் பணத்தை நம்பித்தான் நிற்கின்றன. முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே நெல்லைக் கொண்டுபோய்ப் போடும் பழக்கம் தொடர்வதற்கும் இதுவே காரணம். விலை கொஞ்சம் குறைந்தாலும் அவர் கையில் பணம் தருகிறார்.

எனவே வரும் நவரை அறுவடைக்குள் சேத்துப்பட்டு, ஆரணி, திருவண்ணாமலை ஆகிய மூன்று கூடங்களிலாவது அரசு இதைச் செய்து காட்ட வேண்டும். நெல் வரத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் தரப் பரிசோதகர்களும், ஈர நெல்லைக் காயவைக்க உலர்த்தும் இயந்திரமும் வேண்டும். சான்று தவறினால் ஈடு கட்டும் பொறுப்பை விற்பனைக்குழு ஏற்க வேண்டும். வியாபாரி முன்வைப்புத் தொகை கட்டிய அளவுக்குத்தான் ஏலம் கேட்கலாம் என்ற விதி வந்தால் பணம் தாமதமாகும் பேச்சுக்கே இடமில்லை. மாநிலம் முழுவதற்கும் செல்லும் ஒற்றை உரிமம் சட்டத்தில் இருக்கிறது. அதை வைத்து வெளிமாவட்ட ஆலைகளை அதிகாரிகள் நேரில் போய் அழைத்து வரட்டும். ஒவ்வொரு குவியலுக்கும் எத்தனை பேர் விலை கேட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் வெளியூர் என்பதை அன்று மாலையே கூடத்தின் பலகையில் எழுதி வைக்க வேண்டும். இணைந்த மண்டிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் அமைச்சர்களிடம் இனி அந்தப் பலகையின் கணக்கைக் கேட்போம்.