ஃபர்ஸ்ட் குரூப்பா, பெஸ்ட் குரூப்பா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் போதும், கடத்தூரில் என் மாதிரி ஆசாமிகளுக்குத் திடீர் மவுசு! வருஷம் பூரா "என்ன, லீவா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள், பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் மடக்குகிறார்கள். "நீ ஆபீஸ்ல இருக்கறவன். பையனுக்கு என்ன குரூப் போடறதுன்னு சொல்லு." ஆபீஸில் நான் பார்ப்பது தபால் பதிவேடு. அது அவர்களுக்கு எதற்கு? நாலு ஃபைல் பார்க்கிறவனுக்கு நாலு குரூப் தெரியாதா!

உங்களுக்கும் இதே கதிதான் என்று தெரியும். அக்கா பையனோ, சித்தப்பா பெண்ணோ மார்க் ஷீட்டோடு வந்து நிற்கும். நான் அளந்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன், நீங்களும் அளந்துவிடுங்கள்.

1978-ல் பிளஸ் ஒன் வந்ததிலிருந்தே நமக்கு ஒரு வியாதி. ஃபர்ஸ்ட் குரூப் என்றால் புத்திசாலி. அக்கவுன்டன்சி என்றால் சுமார். தொழிற்கல்வி என்றால் "ஐயோ பாவம்". சார், 'ஃபர்ஸ்ட்' என்பது ரேங்க் இல்லை. வெறும் நம்பர், பஸ் நம்பர் மாதிரி. ஒண்ணாம் நம்பர்தான் உசத்தி என்று ஏறி உட்கார்ந்து, அரூர் போக வேண்டியவன் பொம்மிடியில் இறங்கினால் யார் பொறுப்பு?

எந்தக் குரூப் எந்தக் கதவைச் சாத்துகிறது என்றுதான் பார்க்க வேண்டும். கணக்கோடு உயிரியல் எடுத்தால் இன்ஜினீயரிங், நீட் இரண்டும் திறந்திருக்கும் (சுமையும் இரண்டு பங்கு). கணக்கோடு கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்தால் டாக்டர் சீட் கிடையாது. கணக்கே வேண்டாமென்று தாவரவியல், விலங்கியல் எடுத்தால் இன்ஜினீயரிங் கவுன்சலிங் பக்கம் தலைவைக்க முடியாது.

"கம்ப்யூட்டர் இன்ஜினீயர் ஆகணும், அதனால கம்ப்யூட்டர் குரூப்" என்று பாதி ஊர் நம்புகிறது. கவுன்சலிங் கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கம்ப்யூட்டர் மார்க்குக்கு அங்கே ஸ்டூல்கூடப் போடுவதில்லை!

காமர்ஸ் எடுத்தவன் கெட்டுப் போனானா? சி.ஏ. ஃபவுண்டேஷனை எந்தக் குரூப்காரரும் எழுதலாம். ஆனால் அக்கவுன்டன்சி படித்தவனுக்கு டெபிட், கிரெடிட் ஏற்கெனவே அத்துப்படி. ஐந்து வருஷ சட்டப் படிப்புக்கும் எந்தக் குரூப்பும் ஓகே. ஐ.ஏ.எஸ்., குரூப்-1 எழுத ஏதாவது ஒரு டிகிரி போதும். கலெக்டரை யாரும் "பிளஸ் டூவில் பாட்டனி படிச்சீங்களா?" என்று கேட்பதில்லை.

ஒரு பையன் கணக்கில் 42. அப்பாவோ, "ஃபர்ஸ்ட் குரூப்தான், பேச்சே கிடையாது" என்கிறார். நான் வாதாடவில்லை. பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்கிக் கொடுத்து, முதல் இரண்டு பாடத்தை நாலு நாள் பார்க்கச் சொன்னேன். ஐந்தாம் நாள், அதுவரை அப்பா எதிரில் வாய் திறக்காத பையன் நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டான்!

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. நம்ம பக்கம் பலர் பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படிக்க வைத்துவிட்டு, பிளஸ் ஒன்னுக்கு மட்டும் நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல் தேடுகிறார்கள். கொடிக்கால் வைத்திருக்கும் அண்ணன் முறை ஒருவர் அப்படித்தான் நிலத்தை அடகு வைக்கக் கிளம்பினார். பெண் நல்ல மார்க்.

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்று உட்கார வைத்தேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத இடம் 2020-ல் வந்தது. மறு வருஷம் இன்ஜினீயரிங், வேளாண்மை, சட்டத்துக்கும் வந்தது. அந்த இடத்தில் சேர்ந்தால் படிப்புச் செலவு, ஹாஸ்டல் செலவு அரசாங்கத்தோடது. ஆனால் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கடைசி இரண்டு வருஷம் வேறு பக்கம் போனால், முந்தின ஐந்து வருஷமும் காந்தி கணக்கு! 2010-லிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீதம் இருக்கிறது. பிளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியம் மாறினால், பிளஸ் டூவோ டிகிரியோ கேட்கிற வேலைகளுக்கு அதுவும் அவுட்.

அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. "காசு கட்டினாத்தானே தம்பி நல்லா சொல்லித் தருவாங்க?" என்றார் கடைசியில். அடகுக்குக் கேட்ட வட்டியையும் ஹாஸ்டல் ஃபீஸையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிக் காட்டினேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பெண் இப்போது அரசுப் பள்ளியிலேயே கணக்கு-உயிரியல் படிக்கிறாள். வெற்றிலைச் சந்தையில் பார்த்தால், "நீட்ல கோட்டை விட்டா உன்னைத்தாண்டா கேப்பேன்" என்கிறார் அண்ணன். அவளுக்கோ டாக்டர் ஆசையே இல்லையாம். பி.எஸ்ஸி. அக்ரிதான் படிக்கணுமாம். "சித்தப்பா, அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்" என்கிறாள்.

அடுத்த சந்தை வரைக்கும் டயம் கேட்டிருக்கிறேன்.